ஆயத்தமும் சம்மதமும்: அறியாத தீவுக்குப் புறப்படுதல் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பயணத்துக்கு ஆயத்தமாதல் என்பது வெறும் மூட்டை கட்டும் செயலன்று. செல்லுமிடத்தைப் பற்றி ஒருவன் எதனை அறிந்திருக்கின்றான், எதனை நம்புகின்றான், எதற்கு அஞ்சுகின்றான் என்பனவெல்லாம் அவன் எடுத்துச் செல்லும் பொருள்களில் வெளிப்படுகின்றன. குளிர்நாட்டுக்குச் செல்பவன் கம்பளி கொள்கின்றான். மழை மிகுந்த வெப்பவலயத் தீவுக்குச் செல்பவன் குடையையும் மருந்தையும் மறவான். இவ்வாறு நோக்குமிடத்து ஆயத்தம் என்பது, இன்னும் வந்து சேராத ஒரு நாளைப் பற்றிய அறிவைச் செயலாக மாற்றுதலேயாகும்.

ஆனால் செல்லுமிடத்தை ஒருபோதும் கண்டிராதவன் அவ்வறிவை எங்கிருந்து பெறுகின்றான்? பிறர் வாய்ச்சொல்லிலிருந்தே பெறுகின்றான். அவனுடைய ஆயத்தம் முழுவதும் மற்றொருவனின் சொல்லின்மேற் கட்டப்படுகின்றது. அச்சொல் பொய்யாகவோ அரைகுறையாகவோ இருந்து, அவன் மனமுவந்து புறப்பட்டும் விட்டானாயின், அவன் உண்மையிற் சம்மதித்தான் என்று கூறலாமா? பின்விளையும் துன்பத்துக்குப் பொறுப்பாளி யார்? இவ்வினா ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. இலங்கை மலையகத்தில் ஒரு முழுச் சமூகத்தின் வரலாறே இவ்வினாவின்மேல் நிற்கின்றது.

பதுளை நகரிலிருந்து நமுனுகுலை மலையை நோக்கி ஏறும் பாதையில் ஸ்பிரிங்வெளி அமைந்துள்ளது. ஊவாவின் ஏனைய பெருந்தோட்டங்களிற் போலவே, இங்கும் மலைச்சரிவுகளிற் பரந்து கிடக்கும் தேயிலையும் அவற்றிடையே வரிசையாக நிற்கும் லயங்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்களின் உழைப்பின் அடையாளங்கள். 19ஆம் நூற்றாண்டில் முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் அப்பயிரை அழித்த பின்னர் தேயிலையும் இம்மக்களின் கைகளாலேயே பயிராயின. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளின் கிராமங்களிலிருந்து அவர்கள் வந்தனர். அவர்கள் வாயில் இத்தீவின் மலைநாடு 'கண்டிச்சீமை' எனப் பெயர் பெற்றது.

கண்டிச்சீமைக்குப் புறப்பட்டோர் எவ்வாறு ஆயத்தமாயினர்? அவர்தம் கையில் நூலில்லை, நிலப்படமில்லை. அவர்களுக்கு வாய்த்த ஒரே வழிகாட்டி கங்காணியின் சொல்லே. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என ஆசைகாட்டி அழைத்து வந்தனர் என்று மலையக வாய்மொழி மரபு இன்றும் கூறும். இக்கூற்றை எத்துணைப் பேர் சொல்லளவில் நம்பினர் என்பது வேறு கேள்வி. இக்கூற்று தலைமுறைகள் கடந்தும் நினைவில் நிலைத்து நிற்பதே கருதத்தக்கது. ஒரு சமூகம் தன் வருகையைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதற்கதை, தனக்குச் சொல்லப்பட்டதற்கும் தான் கண்டதற்கும் இடையே இருந்த இடைவெளியைப் பற்றிய கதையாகவே அமைந்துவிட்டது.

கண்டதோ வேறு. வெப்பமான சமவெளியிலிருந்து வந்தோர் மூடுபனியும் கடுங்குளிரும் உறையும் மலைச்சரிவுகளில் நிறுத்தப்பட்டனர். அக்குளிருக்கு வேண்டிய கம்பளியும் உண்பதற்கு வேண்டிய அரிசியும் தோட்டத்தில் வழங்கப்பட்டன. ஆயினும் அவை கொடையாக அன்றிக் கடனாகவே வழங்கப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டன. ஊரில் பெற்ற முற்பணமும் வழிச்செலவும் ஏற்கெனவே அவர்தம் பெயரிற் கடனாக எழுதப்பட்டிருந்தன. எனவே முதல் நாள் மண்வெட்டியைத் தொடுமுன்னரே தொழிலாளி கடனாளியாகியிருந்தான். தனது ஆயத்தத்தின் விலையைத் தானே செலுத்த வேண்டியவனானான். அவ்விலையைக் குறித்தவரோ பிறர்.

இதே தீவுக்கு அதே காலத்தில் வேறொரு பயணியும் ஆயத்தமானான் என்பதை மறத்தலாகாது. பிரித்தானியாவிலிருந்து தோட்ட நிருவாகத்தைக் கற்க வந்த இளைஞனே அவன். தோட்டத்தார் அவனைச் 'சின்னத்துரை' என்றழைத்தனர். அவனுக்குப் பயிர்ச்செய்கைக் கைந்நூல்கள் இருந்தன, விவரக்கொத்துகள் இருந்தன, தொழிலாளரின் மொழியைக் கற்கச் சட்டைப்பை அளவிலான தமிழ்க் கைந்நூலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொழும்பில் வெளிவந்த அந்நூலின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். ஏவல் வினையொன்றே நூலுக்குத் தலைப்பானமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் இருவகைப் பயணிகளின் ஆயத்தத்துக்கிடையே இருந்த வேறுபாட்டை அத்தலைப்பைவிடச் சுருக்கமாக எதுவும் உணர்த்தவியலாது. ஒருவன் ஆணையிடுதற்கு வேண்டிய சொற்களைக் கற்றுக்கொண்டு வந்தான். மற்றவனுக்கு அவ்வாணைகளைப் பற்றி எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அரசும் தோட்ட உரிமையாளரும் தொழிலாளரை ஆயத்தஞ் செய்யவில்லை என்று கூறுவதும் பொருந்தாது. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணையகம் நிறுவப்பட்டது. தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் அமைக்கப்பட்டன. அங்கு அவர்கள் தடுத்து வைத்துக் கண்காணிக்கப்பட்டனர், அம்மை குத்தப்பட்டனர். தோட்டத்தின் இலக்கம் பொறிக்கப்பட்ட 'டின் டிக்கெற்' எனும் தகரச்சீட்டு அவர்களுக்கு வழங்கப்பட்டது. வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கிற் சேரவேண்டும் என்பதை அச்சீட்டு காட்டியது. இவ்வேற்பாடுகள் உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. அதற்கு முற்பட்ட காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தோரிற் பலர் கொள்ளைநோயாலும் பசியாலும் மாண்டனர். ஆனால் இங்கு ஆயத்தஞ் செய்யப்பட்டது தொழிலாளியின் உடல் மட்டுமே. அவன் எங்குச் செல்கின்றான், எவ்வளவு பெறுவான், எவ்வளவு கடன்படுவான், எவ்வாறு திரும்புவான் என்பவற்றை அவன் மனம் அறியுமாறு செய்ய அதே அளவு முயற்சி எடுக்கப்படவில்லை. உடலை முன்கூட்டியே காத்து, அறிவை வெறுமையாக விடும் ஆயத்தம், பண்டத்தைப் பொதிசெய்யும் ஆயத்தத்தினின்றும் வேறுபடுவதன்று.

இனி, இவ்வாறு புறப்பட்டோர் சம்மதித்தோரா என்ற வினாவுக்கு வருவோமாயின், மெய்யியலாரின் ஆய்வுகள் சில துணைபுரியும். அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில், வற்புறுத்தலால் நிகழ்வதும் அறியாமையால் நிகழ்வதும் விருப்பின்பாற்பட்ட செயல்களல்ல என வகுப்பார். புயலில் அகப்பட்ட கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிபவனையும் அவர் எடுத்துக்காட்டுவார். சாதாரண வேளையில் எவனும் தன் பொருளை எறிய விரும்பான். உயிர்தப்ப வேண்டிய வேளையில் அறிவுடையோர் யாவரும் எறிவர். ஆகவே அச்செயல் விருப்பும் விருப்பின்மையும் கலந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சக் காலத்தில் வீடும் ஊரும் துறந்து கப்பலேறியவனின் செயலும் இத்தகையதே. அவன் சரக்கை எறியவில்லை. தன் ஊரையே எறிந்தான். அவன் புறப்பட்டமை அவனது செயல்தான். அவனைப் புறப்பட வைத்த புயலோ அவன் எழுப்பியதன்று.

வற்புறுத்தலைவிட அறியாமை நுண்ணியது. ஜோன் ஸ்ரூவட் மில் 1859இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலில் ஒரு பாலத்தை உவமையாக்குவார். பாதுகாப்பற்றது எனத் தெரிந்த பாலமொன்றை, அதனை அறியாத ஒருவன் கடக்க முற்படுகின்றான். எச்சரிக்க நேரமில்லாதபோது அவனைப் பிடித்து நிறுத்துபவன் அவனது சுதந்திரத்தைப் பறித்தவனாகான். ஏனெனில் சுதந்திரம் என்பது விரும்புவதைச் செய்வது. அவனோ ஆற்றில் விழ விரும்பவில்லை. இவ்வுவமையைச் சற்றே நீட்டிப் பார்த்தல் தகும். பாலம் உடையும் என அறிந்த ஒருவன் கரையிலே நின்று, அஞ்சாது நடவுங்கள் என அழைக்கின்றான். நடப்போர் ஒவ்வொருவருக்கும் அவன் கூலியும் பெறுகின்றான். விழுந்தவனை நோக்கி, உன் காலால்தானே நடந்தாய் என்று கூற அவனுக்கு என்ன உரிமை உண்டு? ஒருவன் சம்மதித்தது தான் விளங்கிக்கொண்ட பயணத்துக்கேயன்றி, தன்னிடமிருந்து மறைக்கப்பட்ட பயணத்துக்கன்று.

திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓரதிகாரம் வகுத்துள்ளார். ஒரு செயலில் இழப்பது எது, கிட்டுவது எது, முடிவில் எஞ்சுவது எது எனக் கணக்கிட்டே தொடங்குதல் வேண்டும் என்பது அதன் முதற்கருத்து. அவ்வதிகாரம் பொருட்பாலில், அரசியலில் அமைந்துள்ளது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அரசனுக்கு அமைச்சர் உண்டு, ஒற்றர் உண்டு, ஆராய்வதற்குக் காலமும் உண்டு. பசித்த உழவனுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. கணக்கிடும் ஆற்றல் அவனிடம் இல்லாமற் போகவில்லை; கணக்குக்கு வேண்டிய எண்களே பிறர் கையிலிருந்தன. எண்களை மறைத்துவிட்டுக் கணக்குத் தவறியதற்கு அவனைப் பழித்தல் நேர்மையாகாது.

இவ்விடத்து வலுவான மறுப்பொன்று எழும். வந்தோர் அனைவரும் ஏமாற்றப்பட்டோர் எனக் கூறுதல் அவர்களைச் சிந்திக்கத் தெரியாதோர் எனக் கூறுவதாகாதா? வரலாறும் இம்மறுப்புக்கு இடமளிக்கின்றது. கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பலர் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பினர். கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊராரையும் உறவினரையுமே திரட்டினர். ஊருக்கு மீண்டோர் தாம் கண்டவற்றைச் சொல்லாதிருந்திரார். ஒடுக்கப்பட்ட சாதியினராகிய பலருக்கு ஊரிலிருந்த வாழ்வும் சுதந்திர வாழ்வன்று. பண்ணையடிமை நிலையினின்றும் விலகி, காசாகக் கூலி பெறும் வாய்ப்பைத் தேடி அவர்கள் துணிந்து வந்தனர் என்பதும் உண்மையே. அவர்களை வெறும் பலியாடுகளாகச் சித்திரிக்கும் இரக்கம், அவர்தம் துணிவை மறுக்கும் இரக்கமாகும்.

இம்மறுப்பை ஏற்றுக்கொண்டே மேற்செல்லல் வேண்டும். எந்தப் பயணியும் முழு அறிவோடு புறப்படுவதில்லை. முழு அறிவு இருந்தாலன்றிச் சம்மதம் செல்லாது எனின், மணமுடித்தலும் மகப்பெறுதலும் கூடச் சம்மதமற்ற செயல்களாகிவிடும். ஆகவே அறியாமை ஒன்றே சம்மதத்தை அழித்துவிடுவதில்லை. இருவகை அறியாமைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, எதிர்காலம் எவருக்கும் புலனாகாமையால் வருவது. அது மனிதர் யாவர்க்கும் பொது. மற்றொன்று, ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதிருத்தலால் முன்னவருக்கு நயம் விளைவது. அது காக்கப்படும் அறியாமை. முன்னதற்கு எவரும் பொறுப்பாளியல்லர். பின்னதற்கு, அதனாற் பயன்பெறுவோர் பொறுப்பாளிகள்.

அறியாமையோடு புறப்பட்டவனுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. அதுவே திரும்பும் வழி. சென்று பார்த்தபின் இது தகாது எனக் கண்டவன் மீள முடியுமாயின், அவனது முதற்சம்மதத்தின் குறை அவனாலேயே சீர்செய்யப்படக் கூடியது. மீளாமல் அங்குத் தங்குவானாயின் அத்தங்குதலே இரண்டாவது சம்மதமாகும்; அது கண்டறிந்த பின் அளிக்கப்பட்ட சம்மதமாதலின் முன்னதைவிட மேலானது. எனவே ஒரு பயணம் சுதந்திரமானதா என்பதைத் துறைமுகத்தில் நின்று மட்டும் தீர்மானிக்கவியலாது. சென்றடைந்த இடத்தில் நின்று, திரும்பும் வழி திறந்துள்ளதா எனக் கேட்டே தீர்மானித்தல் வேண்டும்.

இவ்வளவுகோலால் அளக்கும்போது பெருந்தோட்ட முறையின் உண்மை உரு புலனாகும். பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கைரேகை இட்டுச் சென்றனர். 'எக்றிமென்ற்' என்ற சொல்லே அவர் வாயில் 'கிர்மிட்' எனத் திரிந்து அவ்வாழ்வுக்கே பெயராயிற்று. அம்முறையின் கொடுமையைப் பாரதியார் பாடியுள்ளார். இலங்கையில் அத்தகைய ஒப்பந்தம் இருக்கவில்லை. மாதக் கூலியாளாகவே தொழிலாளி கருதப்பட்டான். ஆகவே இலங்கைத் தொழிலாளி சுதந்திரமானவன் என வாதிடப்பட்டது. ஆனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டின் 'துண்டு' எனும் கடன்சீட்டு வேண்டும். அதிற் குறித்த கடனைப் புதிய தோட்டம் செலுத்தினாலன்றி அவன் விடுபடான். ஒப்பந்தத்துக்கேனும் முடிவுநாள் உண்டு; கடனுக்கு முடிவுநாள் இல்லை. ஐந்தாண்டுச் சிறைக்கும் எல்லை தெரியாத சிறைக்கும் இடையே பின்னது சுதந்திரம் எனப் பெயர் பெற்றது.

தொலைவு என்ற சொல்லுக்கும் இங்குப் புதிய பொருள் கிட்டுகின்றது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள கடல் ஏறத்தாழ இருபது மைலே. பிஜியோ பல்லாயிரம் மைல் அப்பாலுள்ளது. ஆயினும் துண்டுச் சீட்டால் பிணிக்கப்பட்டவனுக்கு அவ்விருபது மைலே கடத்தற்கரிய தொலைவாயிற்று. ஓரிடம் எவ்வளவு தொலைவிலுள்ளது என்பது அங்குச் செல்லும் வழியின் நீளத்தாலன்று, அங்கிருந்து மீளும் வழியின் அருமையாலேயே அளக்கப்பட வேண்டியது. 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தபோது, ஓரங்குல நிலமும் அசையாமலே இந்தியக் கரை சற்று அருகில் வந்தது எனலாம்.

இவ்வமைப்பிற் கங்காணியின் நிலை தனியே ஆராயத்தக்கது. அவன் அரசனுமல்லன், துரையுமல்லன். பெரும்பாலும் தொழிலாளியாக வந்து உயர்ந்தவன். தான் திரட்டிய ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பத் தலைக்காசு பெற்றவன். ஊராரை அழைக்கும்போது அவன் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கூலி காசாகக் கிடைக்கும் என்பான், அது மெய். கடனைப் பற்றிச் சொல்லான். வேலை நிலையானது என்பான், அதுவும் மெய். நீங்குதல் அரிது என்பதைச் சொல்லான். பொய்யுரைத்தலும் மெய்யின் ஒரு பகுதியை மறைத்தலும் ஒன்றா? அந்நியனிடம் மௌனஞ் சாதிப்பவன் குற்றவாளியாகாதிருக்கலாம். ஆனால் தன் சொல்லையே துணையாகக் கொண்டு மற்றொருவன் வாழ்வையே மாற்றிக்கொள்கின்றான் என அறிந்தவனின் மௌனம், மௌனமன்று. அது உரையாகவே செயற்படுகின்றது. உறவு நெருங்க நெருங்கச் சொல்லவேண்டிய கடமையும் பெருகும். மாமன் எனவும் அண்ணன் எனவும் நம்பப்பட்டவனின் மௌனம், அயலான் பொய்யைவிடப் பாரமானது.

எனினும் பழி முழுவதையும் கங்காணியின்மேற் சுமத்துதல் எளிய வழியாகும். கங்காணியின் சொல் தமக்குக் கேளாதபடி அவனைக் கடலுக்கப்பால் அனுப்பிவிட்டு, அவன் கொண்டுவந்த ஆட்களை மட்டும் எண்ணிப் பெற்றுக்கொண்டோர் இருந்தனர். எவ்வாறு அழைத்தாய் எனக் கேளாதிருத்தல் அவர்களுக்கு வசதியாக இருந்தது. இடைத்தரகன் என்பவன் ஆள்சேர்ப்பவன் மட்டுமல்லன். மேலிருப்போரின் மனச்சாட்சிக்குத் திரையாகவும் பயன்படுபவன். திரைக்குப் பின்னால் இருந்து பயன்பெற்றோர், திரையைக் குற்றஞ்சாட்டித் தாம் தப்புதல் இயலாது.

இத்தகைய பயணம் ஒருமுறையோடு முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோரெனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று. ஒதுக்கப்பட்ட தொகையைவிட மிகக் கூடுதலானோர் இலங்கைப் பிரசாவுரிமையையே கோரினர். எண்களை வகுத்தோர் இரு தலைநகரங்களில் இருந்தனர். எண்களானோர் ஸ்பிரிங்வெளியிலும் பசறையிலும் தெமோதரையிலும் லயங்களில் இருந்தனர்.

டேவிட் ஹியூம் 1748இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒரு நாட்டில் வாழ்வதாலேயே ஒருவன் அதன் ஆட்சிக்குச் சம்மதித்தவனாவான் என்ற கொள்கையை மறுத்துரைப்பார். வேற்றுமொழியோ வேற்றுநாட்டு வழக்கமோ அறியாது அன்றாடக் கூலியில் வாழும் ஏழை, நாட்டை விட்டு நீங்கச் சுதந்திரமுடையவன் என எவ்வாறு கூறலாம் எனக் கேட்பார். உறங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலிற் குதித்து மாளாமல் கப்பலிலேயே இருப்பதால் தலைவனின் அதிகாரத்துக்குச் சம்மதித்தான் எனல் எத்தன்மைத்தோ, அத்தன்மைத்தே அக்கொள்கை என்பார். மலையகத்திற் பிறந்த குழந்தைகளின் நிலை இவ்வுவமையையும் கடந்தது. அவர்கள் உறக்கத்தில் ஏற்றப்பட்டோர் மட்டுமல்லர், கப்பலிலேயே பிறந்தோர். பாட்டன் ஏறியதைக் காரணங்காட்டிப் பேரனைக் கப்பலிலிருந்து இறக்கினர். ஒருவன் அளித்த சம்மதம், அது குறைவற்றதாகவே இருந்தாலும், அவன் வழித்தோன்றலைப் பிணிக்காது. சம்மதம் சொத்தைப் போல வழிவழி இறங்குவதன்று.

இவ்வாறு 1960களின் பிற்பகுதி முதல் 1984இற் கப்பற் சேவை நிற்கும் வரை, பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து மற்றோர் ஆயத்தம் நிகழ்ந்தது. இம்முறை அறியாத நாடு இந்தியா. பெயர் மட்டும் தெரிந்த ஊருக்கு, முகந்தெரியாத உறவினரிடத்துக்கு மக்கள் புறப்பட்டனர். ஒரே குடும்பத்தில் ஒருவர்க்கு இந்தியக் கடவுச்சீட்டும் மற்றவர்க்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிட்ட, அண்ணனும் தம்பியும் நிலையமேடையிற் பிரிந்தனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சமும், 1977லும் 1983லும் நிகழ்ந்த வன்செயல்களும் தயங்கியோரையும் புறப்பட வைத்தன. பாட்டனைப் பஞ்சம் இங்குக் கொண்டுவந்தது. பேரனைப் பஞ்சம் அங்குக் கொண்டுசென்றது. பாட்டன் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமே பேரனை வரவேற்றது. நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலையிடையே சிலர் வாழ்வு தேடினர். வேறு சிலர் கொத்தடிமைகளாயினர். விண்ணப்பப் படிவத்தில் அவர்கள் இட்ட கையொப்பம் சம்மதத்துக்குச் சான்றெனக் காட்டப்பட்டது. படிவத்தில் இரு கட்டங்கள் இருந்தமையால் தெரிவு இருந்தது என்பது பொருளன்று. தெரிவுசெய்பவன் எதனைத் தெரிவுசெய்கின்றான் என அறிந்தபோதே அது தெரிவாகும்.

பின்னர் 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க வழிசெய்தன. ஆனால் வினா நீங்கவில்லை. இன்று ஊவாவின் தோட்டங்களிலிருந்து மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப்பணிப் பெண்களாகச் செல்வோர் பலர். 1985இல் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் புறப்படுமுன் பெறவேண்டிய பயிற்சியும் இன்று உள்ளன. இது நூற்றாண்டுக்கு முன் இல்லாத முன்னேற்றமே. ஆயினும் தோட்டத்துக்கு வரும் உபமுகவரின் சொல்லே இன்றும் முதற்சொல்லாக உள்ளது. குடும்பத்தின் கையிற் கொடுக்கப்படும் முற்பணமும் உள்ளது. சென்றடைந்த வீட்டிற் கடவுச்சீட்டை எசமானர் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும், பல நாடுகளிற் சட்டம் தடுத்தபோதிலும், முற்றாக நீங்கவில்லை. மின்னிணைப்புச் சாதனத்தை இயக்கவும் அரபுச் சொற்கள் சிலவற்றைப் பேசவும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி பயனுள்ளதே. ஆனால் சம்பளம் தரப்படாவிடின் எங்கு முறையிடுவது, மீள விரும்பின் எவ்வாறு மீள்வது என்பவற்றைக் கற்பிக்காத பயிற்சி, மண்டபத்தில் அம்மை குத்தியதைப் போன்ற ஆயத்தமாகவே எஞ்சும்.

அழைத்தவன் மீள முடியாதபடி வழியடைத்தானாயின், புறப்பட்டவனின் முதற்சம்மதத்தை அவனுக்கெதிராக எடுத்துக்காட்டும் உரிமையை இழந்துவிடுகின்றான். இதுவே இவ்வாராய்ச்சியின் முடிவு. செல்லுமிடத்தை அறிந்த ஒவ்வொருவருக்கும் அறியாதவர்பால் ஒரு கடன் உண்டு. அக்கடன், செல்லும் வழியின் சிறப்பைக் கூறுவதைவிட மீளும் வழியின் நிலையைக் கூறுவதிலேயே தீரும். கல்வி பெற்றோர் இக்கடனினின்றும் விலக்குப் பெற்றோரல்லர். தோட்டங்களில் ஒருவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர், ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்பவர், ஒப்பந்தப் பத்திரத்தில் இடவேண்டிய கையொப்பத்தின் இடத்தைக் காட்டுபவர் பெரும்பாலும் அவ்வீட்டிலோ அடுத்த வீட்டிலோ உள்ள மாணவரே. அவ்வேளையில் அவர் நிற்குமிடம் ஒருகாலத்திற் கங்காணி நின்ற இடம். கையொப்பமிடும் இடத்தை மட்டும் காட்டுவதா, பத்திரம் முழுவதையும் படித்துச் சொல்வதா என்பது அவருடைய தெரிவு. அத்தெரிவை அவர் முழு அறிவோடு செய்கின்றார். ஆதலின் அதன் பொறுப்பும் முழுமையாக அவருடையதே.